உலகப்பன் முதுகில் முளைத்த ஓடு

வெகு வெகு காலத்துக்கு முன்னால், மழை தனக்கென்று வைத்த மாதத்தில் தவறாமல் வந்துபோன காலத்தில், ஏழுகரை நாடு என்று ஒரு நாடு இருந்தது. நிலமங்கை என்ற அரசி அதை ஆண்டுவந்தாள். அந்த நாட்டில் பெருந்தாங்கல் என்று ஓர் ஏரி. இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரைக்குக் கேட்காது, அவ்வளவு பெரிய ஏரி. ஒரு பக்கம் மண்கரையும் மதகும், அதற்குக் கீழே வயல்களும். மறுபக்கம் கோரையும் நாணலும் மண்டிக்கிடக்கும் சதுப்பு. சதுப்பின் ஓரத்தில், நாணலுக்குப் பின்னால், தண்ணீருக்கு மேலே தலைதூக்கி நிற்கும் ஒரு மண்மேடு. அதற்கு ஆமைத் திடல் என்று பெயர்.

பெயர் சும்மா வரவில்லை. ஏரியை முதன்முதலில் வெட்டிய ராஜா, சதுப்பில் குடியிருந்த காராமைகளைக் கூப்பிட்டு, "தண்ணீர் எங்கள் வயலுக்கு, திடல் உங்கள் முட்டைக்கு" என்று வாக்குக் கொடுத்தாராம். அன்று தொடங்கி, தை மாதம் பிறந்தால் ஆமைகள் திடலில் ஏறும். பின்னங்காலால் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிட்டு இறங்கிப் போகும். கோடை முழுக்க முட்டைகள் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். மழை பிடித்து மண் நனைந்த பிறகு குஞ்சுகள் வெளியே வரும். அவை வளர்ந்து ஏரியில் செத்தது, அழுகியது, பாசி, நத்தை எல்லாவற்றையும் தின்று தீர்க்கும். ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்துச் சுகமாக இருந்தது.

இனி ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும்போது ஒரு நாள் கரைகட்டு நடக்கும். வீட்டுக்கு நூறு கூடை மண். எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்துவிட முடியாது. ஏரியின் அடிவயிற்றில் இறங்கி, பிசினாய் ஒட்டுகிற களிமண்ணை வெட்டி, தலையில் சுமந்து ஏறி, கரையில் கொட்ட வேண்டும். அப்படிச் செய்தால் ஏரியும் ஆழமாகும், கரையும் உயரும். நூறு கூடையை முதலில் முடிக்கிறவர் தலையில் மதகடியில் வைத்துப் பட்டுப் பரிவட்டம் கட்டுவார்கள். ஏரி நிறைந்ததும் அவர் வயலுக்குத்தான் முதல் தண்ணீர்.

அந்த ஊரில் உலகப்பன் என்று ஒருவன். ஆள் கெட்டவன் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம், முதுகுதான் கொஞ்சம் சோம்பல். அவன் பெண்டாட்டி காத்தாயி. காத்தாயியின் அண்ணன் வேலப்பன் ஒரு வருஷம் பரிவட்டம் வாங்கிவிட்டான். வாங்கியவன் சும்மா இருந்தானா? கல்யாணமா, காதுகுத்தா, எல்லாவற்றுக்கும் பரிவட்டத்தோடு வந்து பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தான். உலகப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏ காத்தாயி, அடுத்த வருஷம் பாரு," என்றான்.

"பாக்கிறேன், பாக்கிறேன்," என்றாள் அவள், குழம்பை ஊற்றிக்கொண்டே.

அடுத்த கரைகட்டு வந்தது. முப்பது கூடை சுமந்ததுமே உலகப்பனுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அப்போது நாணலுக்குப் பின்னால் திடல் கண்ணில் பட்டது. காய்ந்த மண், பொலபொலவென்ற மண், கூடையில் அள்ளினால் பஞ்சாய் லேசாக இருக்கிற மண். சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் இல்லை. திடலின் ஒரு மூலையில் மண்வெட்டியைப் போட்டான்.

சளக் என்றது.

எடுத்துப் பார்த்தான். மண்வெட்டியின் வாயில் மஞ்சளாக ஒழுகியது. மண்ணுக்குள் வெள்ளையாக, நீளவாட்டில், உடைந்த ஓடுகள். அப்போதே அவன் கூடையைத் தூக்கிக்கொண்டு களிமண்ணுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவன் ஓர் இலையைப் பறித்து மண்வெட்டியைத் துடைத்தான். துடைத்துவிட்டு அடுத்த வெட்டு வெட்டினான். எழுபது கூடையும் திடல் மண்ணாகவே கரைக்குப் போனது.

உலகப்பன் முதலில் முடித்தான். பரிவட்டம் கட்டினார்கள். மத்தளம் கொட்டினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே மதகடிப் படியில் ஒரு பெரிய காராமை வந்து நின்றது. அது பேசியது. அந்தக் குரல் அவன் காதுக்கு மட்டும் கேட்டது.

"மண் எடுத்தவனே, மண் எடுத்தவனே, என் மண் எங்கே?"

"மண்ணா? எனக்கென்ன தெரியும்?" என்று முணுமுணுத்தான் உலகப்பன்.

முதுகில் சுருக்கென்று ஏதோ குத்தியது. வீட்டுக்கு வந்து தடவிப் பார்த்தால் உள்ளங்கையளவுக்கு ஒரு தடிப்பு, ஓடாகக் கெட்டிப்பட்டிருந்தது. கட்டி என்று நினைத்துப் பற்றுப் போட்டான். பரிவட்டத்தைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனான். முதல் இலையில் உட்கார்ந்தான். சோறு அன்றும் இறங்கவில்லை. இலையில் பருப்பைப் பார்த்தால் மண்வெட்டி வாயில் ஒழுகிய மஞ்சள் ஞாபகம் வந்தது.

இரண்டாம் வருஷம் வந்தது. போன வருஷம் முதலில் முடித்தவன் இந்த வருஷம் பின்தங்கினால் ஊர் என்ன பேசும்? முதுகில் கட்டி வேறு, களிமண் கூடையைத் தூக்கவே முடியவில்லை. திடலில் பாதியை வெட்டிக் கொண்டுவந்து கொட்டினான். சளக், சளக் என்று கேட்டபோதெல்லாம் உரக்கப் பாட்டுப் பாடினான். திடல் ஏன் குறைந்துவிட்டது என்று யாரோ கேட்டதற்கு, "போன மழையில வெள்ளம் அரிச்சுட்டுதப்பா," என்று அவனே சொன்னான். பரிவட்டம் கட்டினார்கள். மத்தளம் கொட்டினார்கள். ஆமை படியேறி வந்தது.

"மண் எடுத்தவனே, மண் எடுத்தவனே, என் மண் எங்கே?"

"மண்ணா? எனக்கென்ன தெரியும்?"

இந்தத் தடவை முறத்தளவு ஓடு முளைத்தது. முதுகு வளைந்துவிட்டது. சட்டைக்கு மேலே துண்டைப் போட்டு மறைத்தாலும் மேடு தெரிந்தது. பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா?

"ஊருக்காகச் சுமந்து சுமந்து மனுசனுக்கு முதுகே வளைஞ்சுபோச்சு."

"இவரு மாதிரி நாலு பேரு இருந்தா போதும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். புகழ்ந்தார்கள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் உலகப்பனுக்குக் காதுமடல் கொதித்தது. தெருவில் ஆள் வந்தால் சந்தில் ஒதுங்க ஆரம்பித்தான். ஒதுங்கினால், "எவ்வளவு அடக்கம் பாருங்க," என்று அதற்கும் ஒரு புகழ்ச்சி.

இதற்கிடையில் ஏரித் தண்ணீரில் நாற்றம் அடித்தது. செத்த மீன் மிதந்தால் மிதந்தபடியே கிடந்தது. மாடு வாயை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டது. சதுப்பில் முன்னே நூறு ஆமை இருந்தன, பிறகு பத்தாயின, கடைசியில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. முட்டையெல்லாம் கரைக்குள் மிதிபட்டுக் கிடக்கும்போது குஞ்சு எங்கிருந்து வரும்?

மூன்றாம் வருஷம், இப்படி ஓர் உழைப்பாளி இருக்கிறானாமே என்று கேள்விப்பட்டு, அரசி நிலமங்கையே கரைகட்டைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. உலகப்பனுக்கு ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது. ஓடுவதற்கும் முதுகு இடம் கொடுக்கவில்லை. விடியற்காலையில் திடலுக்குப் போனான். மிச்சம் இருந்த மண்ணை வெட்டினான், வெட்டினான், வெட்டினான். கடைசிக் கூடை மண்ணில் மண்வெட்டியை ஓங்கியபோது பார்த்தான். நாணல் ஓரத்தில் அந்த ஆமை உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஓங்கிய கை இறங்கவில்லை. கீழே வைத்துவிட்டுக் கையால் மண்ணை விலக்கினான். ஒன்பது முட்டைகள். அந்த ஏரியில், அந்தச் சதுப்பில், இனி எங்கும் இல்லாத கடைசி ஒன்பது முட்டைகள்.

மத்தளச் சத்தம் கிட்டே வந்தது. அரசி வந்துகொண்டிருந்தாள். உலகப்பன் பதறிப்போய் முட்டைகளை மண்ணோடு சேர்த்துக் கூடையில் அள்ளினான். ஓட்டமும் நடையுமாக மதகடிக்கு வந்தான். அங்கே கரைக்கல் இரண்டுக்கு நடுவே ஒரு பொந்து இருந்தது. மண்ணும் முட்டையுமாக அதற்குள் வைத்து, ஒரு பலகைக்கல்லை இழுத்து மூடி, மேலே களிமண்ணைப் பூசிவிட்டான். உடைக்க மனம் வரவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை. ஒளித்துவைப்பதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அரசி தன் கையாலேயே பரிவட்டம் கட்டினாள். ஆமை படியேறி வந்தது. இந்த முறை அதன் குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"மண் எடுத்தவனே, மண் எடுத்தவனே, என் மண் எங்கே?"

"எனக்கென்ன தெரியும்?" என்று கத்திவிட்டான் உலகப்பன்.

"என்னப்பா, என்ன சொன்னாய்?" என்று கேட்டாள் அரசி.

"ஒண்ணுமில்லை தாயே."

சொல்லி முடிப்பதற்குள் கழுத்திலிருந்து இடுப்புவரை ஓடு மூடிக்கொண்டது. கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டது. நிமிர்ந்து அரசியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவள் காலைத்தான் பார்க்க முடிந்தது. அரசிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாட்டுக்காக உடம்பையே தேய்த்துவிட்டாயே. இன்றிலிருந்து இந்தக் கரைக்கு உலகப்பன் கரை என்று பெயர்," என்று உத்தரவு போட்டாள். ஊரே கைதட்டியது. உலகப்பன் தரையைப் பார்த்தபடி நின்றான். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று அவன் நினைத்தான். பூமி பிளக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. காத்தாயி கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குடித்தான்.

மழை மேகம் திரண்ட ஒரு நாள், வாசலில் ஒருவன் வந்து நின்றான். கருப்பு அங்கி, இடுப்பில் எலும்பு மாலை, கையில் வளைந்த கோல். சூலமுடி என்ற மந்திரவாதி. பக்கத்து நாடுகளில் அவன் பெயரைச் சொன்னால் பாலுக்கு அழுகிற பிள்ளை வாயை மூடும். அவன் திறந்த வீட்டுக்குள் சொந்தக்காரனாக நுழைந்து உட்கார்ந்தான்.

"உலகப்பா, ஒளித்துவைத்தது எதுவானாலும் என் மூக்குக்கு வாடை தெரியும். எங்கே என்றுதான் தெரியாது. ஒளித்தவன் வாயால் சொன்னால் அது என் கைக்கு வந்துவிடும். ஓர் ஏரியின் கடைசி ஆமை முட்டையைக் குடித்தால் எனக்கு ஆயுசு முந்நூறு வருஷம் கூடும். இடத்தைச் சொல். உன் முதுகை நிமிர்த்திவிடுகிறேன்."

உலகப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"முதுகோடு நிறுத்தமாட்டேன். வருஷாவருஷம் முதல் தண்ணீர் உன் வயலுக்கே வரும்படி செய்கிறேன்."

உலகப்பன் துண்டை இழுத்து முதுகை மூடிக்கொண்டான்.

மந்திரவாதி கிட்டே குனிந்தான். "யாருக்கும் தெரியாது, உலகப்பா. ஆமையும் செத்துப்போகும். கேட்பதற்கு ஒரு நாதியும் இருக்காது. உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்."

உலகப்பனின் உதடு அசைந்தது. கதை சொல்கிற நான் பொய் சொல்ல மாட்டேன், உலகப்பன் இடத்தைச் சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டான். மந்திரவாதி கெட்டிக்காரன்தான், ஆனால் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டான்.

"ஏன் தயங்குகிறாய்? நீயும் நானும் ஒரே தொழில்காரர்கள். நீ ஒரு முழம் பட்டுக்காக உடைத்தாய், நான் முந்நூறு வருஷத்துக்காகக் குடிக்கப்போகிறேன். உன்னைவிட எனக்குத்தானே நியாயமான காரணம் இருக்கிறது?"

உலகப்பன் மந்திரவாதியைப் பார்த்தான். கழுத்து எவ்வளவு தூரம் திரும்புமோ அவ்வளவு திருப்பிப் பார்த்தான். எலும்பு மாலை போட்ட இந்த ஆளுக்கு முன்னால் தன் காரணம் சின்னதாக இருந்தது. அவனுக்கு அந்த நேரத்தில் வந்த வெட்கம் இருக்கிறதே, மூன்று வருஷ வெட்கத்தையும் சேர்த்து வைத்தாலும் அதற்கு ஈடாகாது.

"எழுந்து போய்யா," என்றான்.

மந்திரவாதி சிரித்துக்கொண்டே எழுந்தான். "மழை வருகிறது. தண்ணீர் ஏறினால் முட்டை மூச்சுமுட்டிச் சாகும். அதற்கு முன்னால் நீயே என்னைத் தேடி வருவாய்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கதவுக்குப் பின்னால் காத்தாயி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். உலகப்பன் முகத்தை மூடிக்கொண்டான்.

"இதையெல்லாம் உன்கிட்ட சொல்லியிருக்கணும் புள்ள," என்றான்.

"எனக்கு மொத வருசமே தெரியும்," என்றாள் காத்தாயி. "ஏரிக் களிமண்ணு துணியில பட்டா மூணு நாளைக்கு வெளுத்தாலும் போகாது. உங்க வேட்டிய உதறினேன், களிமண்ணுக் கறை கொஞ்சம்தான், மீதியெல்லாம் புழுதியாப் பறந்துச்சு. எந்த மண்ணுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் கேக்கலை?"

காத்தாயி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பரிவட்டக்காரர் வீட்டம்மா வாங்கன்னு கூப்பிட்டாங்க. எனக்கும் அது நல்லாத்தான் இருந்துச்சு. ஓடு உங்களுக்கு முதுகுல முளைச்சுது. எனக்கு வெளியில தெரியலை, அவ்வளவுதான்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கூரையில் மழை விழ ஆரம்பித்தது.

ஒரு நாள் பெய்தது, இரண்டாம் நாளும் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் ஏரித்தண்ணீர் முட்டை இருந்த பொந்துக்கு இரண்டு முழம் கீழே நின்றது. மழைக்காலத்தில் கரைமேல் காவலர்கள் நிற்பார்கள். கரைக்கல்லில் கையை வைப்பவனுக்கு அந்த நாட்டில் தலை தங்காது. ஒளித்துவைத்ததை ஒளிந்து போய் எடுக்க வழியில்லை. அன்றைக்கு ஏரி நிறைவதைப் பார்க்க அரசியும் வந்திருந்தாள், ஊரும் குடையும் கோணியுமாகக் கூடியிருந்தது.

"இன்னைக்கு விட்டா முழுகிடும்," என்று உலகப்பன் கடப்பாரையை எடுத்தான். பரிவட்டத்தை மடியில் செருகிக்கொண்டான், அதை அரசியின் காலடியில் திருப்பி வைத்துவிடலாம் என்று.

"இருங்க, நானும் வாரேன்," என்று காத்தாயி கூடையை எடுத்தாள்.

ஊரின் நடுத்தெரு வழியாக உலகப்பன் நடந்தான். நடை என்று சொல்லக் கூடாது, தவழ்ந்தான். மதகடிக்குப் போய்க் கடப்பாரையைக் கல்லிடுக்கில் விட்டதும் நாலு காவலர்கள் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

"கரையை வெட்டறான், கரையை வெட்டறான்," என்று கூட்டம் அலறியது.

அப்புறம் யார் என்று பார்த்தார்கள். சத்தம் அடங்கியது. "ஐயோ பாவம், பாரம் சுமந்தே மூளை குழம்பிடுச்சு," என்றான் மச்சான் வேலப்பன். அரசி பல்லக்கிலிருந்து இறங்கி வந்தாள். "அவனை ஒன்றும் செய்யாதீர்கள். மரியாதையாக வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்," என்றாள்.

பாருங்கள், தப்பித்துக்கொள்ள எவ்வளவு அழகான வழி. பைத்தியக்காரனாக வீட்டுக்குப் போய்விடலாம், பேரும் கெடாது. கூட்டத்துக்குப் பின்னால் கருப்பு அங்கி போட்ட ஒருவன் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்குப் புத்தி பிசகலை தாயே," என்றான் உலகப்பன். குரல் தரையைப் பார்த்துதான் வந்தது. "மொத வருசம் எழுபது கூடை ஆமைத் திடல்லேருந்து எடுத்தேன். முட்டை உடைஞ்சுது. பாத்தேன். பாத்துட்டும் வெட்டினேன்."

முதுகிலிருந்து ஓர் ஓடு பிளந்து கல்லில் விழுந்தது. தட் என்றது.

"ரெண்டாம் வருசம் பாதித் திடலையும் எடுத்தேன். வெள்ளம் அரிச்சுதுன்னு ஊர்ல பொய் சொன்னேன். முட்டை உடையற சத்தம் கேக்கக் கூடாதுன்னு பாட்டுப் பாடினேன்."

முறத்தளவு ஓடு விழுந்தது. தட் என்றது.

மூன்றாவதைச் சொல்ல அவனால் முடியவில்லை. ஊரில் யாரும் இப்போது பாவம் என்று சொல்லவில்லை. தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறியது. சதுப்புப் பக்கத்திலிருந்து ஒரு கருந்தலை நீரைக் கிழித்துக்கொண்டு வந்து படியில் நின்றது. இந்த முறை அது ஒன்றும் கேட்கவில்லை.

"மூணாம் வருசம் மிச்சம் இருந்ததையும் வெட்டினேன்," என்றான் உலகப்பன் ஆமையிடம். "கடைசி ஒம்பது முட்டை. நீங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கும்போதே அள்ளினேன். என் பேரு வச்ச இந்தக் கரைக்குள்ளதான், இந்தக் கல்லுக்குப் பின்னாலதான் வச்சுப் பூசினேன். நான் களிமண்ணு சுமந்தவன் இல்லை. உங்க பிள்ளைங்களைச் சுமந்து கொட்டினவன்."

கடைசி ஓடு முழுதாகக் கழன்று விழுந்தது. உலகப்பன் நிமிர்ந்தான். நிமிர்ந்தபோது ஊரார் முகங்கள் எல்லாம் தெரிந்தன. அதற்கு ஓடே தேவலாம் என்றிருந்தது அவனுக்கு.

இடம் தெரிந்ததும் மந்திரவாதி கூட்டத்தை இடித்துக்கொண்டு கல்லின் மேல் பாய்ந்தான். ஆனால் அவன் மந்திரம் ஒளித்துவைத்த பொருளிடம்தான் பலிக்கும். ஊரறியச் சொன்ன பிறகு அங்கே ஒளிந்திருப்பது என்ன இருக்கிறது? தொட்ட கை வழுக்கியது. வழுக்கி வழுக்கிச் சுருங்கினான். பூனையளவு ஆனான், எலியளவு ஆனான், கடைசியில் கரைக்கல்லில் ஒரு நத்தையாக ஒட்டிக்கொண்டான். காராமைக்கு நத்தை என்றால் உயிர். ஒரே வாய். சூலமுடியின் முந்நூறு வருஷம் அதோடு சரி.

அரசியின் முகத்தில் இப்போது கனிவு இல்லை. "கல்லை எடுத்தால் கரை நிற்குமா?" என்று கேட்டாள்.

"தண்ணி இன்னும் ரெண்டு சாண் ஏறினா நிக்காது தாயே," என்றான் காவலர் தலைவன். யாரும் அசையவில்லை. உலகப்பன் செய்ததற்கு ஊர் ஏன் சேற்றில் இறங்க வேண்டும்?

காத்தாயி இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, காலடியிலிருந்து களிமண்ணை வாரிக் கூடையில் போட்டு, உடைப்பு எடுக்கக்கூடிய இடத்தில் கொட்டினாள். இரண்டாம் கூடை கொட்டினாள். மூன்றாம் கூடைக்கு அவளால் கையைத் தூக்க முடியவில்லை. வேலப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தங்கச்சியின் கூடையை வாங்கினான். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். உலகப்பனைத் திட்டிக்கொண்டேதான் மண் சுமந்தார்கள். அவனுக்கு அந்தத் திட்டு ஒத்தடமாக இருந்தது.

கல் நகர்ந்தது. உலகப்பன் தோள்வரை கையை விட்டான். மண் வெதுவெதுப்பாக இருந்தது. மடியிலிருந்து பரிவட்டத்தை எடுத்து விரித்து, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைத்தான். ஒன்பது. பட்டின் மேல் மழைத்துளி விழுந்தது. ஒரு முட்டை அசைந்தது. ஓடு கீறி, நகத்தளவு மூக்கு ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. கருப்புக் குஞ்சுகள் அவன் கைமேல் ஏறி, விரல் இடுக்கில் இறங்கி, தாயின் பக்கம் தண்ணீருக்குள் போயின. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணியது. எட்டு.

ஒன்பதாவது அசையவில்லை. அதன் பக்கவாட்டில் ஒரு விரிசல், பலகைக்கல்லை இழுத்து மூடிய அவசரத்தில் விழுந்தது. உலகப்பன் அதைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றான். இன்னும் கொஞ்சம் நின்றான். ஆமை அவனையும் அதையும் பார்த்தது.

"இது நான் செஞ்சது," என்றான் அவன். வேறு என்ன சொல்வான்?

ஆமை திரும்பி, எட்டுக் குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு சதுப்புக்குள் போய்விட்டது.

அரசி அன்றைக்கே மூன்று உத்தரவு போட்டாள். முதலில் முடித்தவனுக்குப் பரிவட்டம் என்கிற வழக்கம் அன்றோடு ஒழிந்தது. தை பிறந்தால் குஞ்சுகள் இறங்கும்வரை திடலிலும் சதுப்பிலும் மனிதக் கால் படக்கூடாது, காவல் நிற்பவனைத் தவிர. எடுத்த திடலை எடுத்தவனே திருப்பிக் கட்ட வேண்டும், களிமண்ணைச் சுமந்து, காயவைத்து, பொலபொலவென்று உடைத்து. மூன்று வருஷம் எடுத்ததை மூன்று வருஷம் கட்டு, அதுவரை திடலுக்குக் காவலும் நீயே நில் என்றாள். தலையை வாங்கவில்லையே என்று சிலர் குறைப்பட்டார்கள்.

ஊர் அவனை உடனே மன்னித்துவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் சொல்லப்போவதில்லை. கரைக்கு வைத்த பெயரை அழித்தார்கள். பந்தியில் அவனுக்கு இலை போட்டவர்கள் கறியை வைத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்தார்கள். அவனும் காத்தாயியும் விடியுமுன் எழுந்து ஏரிக்கு இறங்குவார்கள், மண் சுமப்பார்கள், திரும்புவார்கள். ஒரு வருஷம் ஆயிற்று, ஏரி நாற்றம் கொஞ்சம் குறைந்தது. இரண்டு வருஷம் ஆயிற்று, மாடு வாயை வைத்துக் குடித்தது. மூன்றாம் வருஷம் திடல் பழையபடி உயர்ந்து நின்றது. உத்தரவு முடியப்போகிறது, இனி காவலுக்கு வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று உலகப்பனே அரசிக்குச் சொல்லியனுப்பினான். அந்த இடத்தில் நிற்க அவனுக்கு இன்னும் கூசியது.

தை மாதத்துக் காலை ஒன்று. கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பினால், அந்தப் பெரிய காராமை திடலில் ஏறி வந்துகொண்டிருந்தது. உலகப்பன் கூடையை எடுத்துக்கொண்டு அவசரமாக இறங்கப் போனான்.

"எங்கே போகிறாய்?" என்றது ஆமை.

"நான் நிக்கிற எடத்துல நீங்க எப்படி முட்டையிடுவீங்க?" என்றான் உலகப்பன். தலை தானாகக் குனிந்தது.

"நாணலுக்குள் நரி இருக்கிறது. குழி பறிக்கும்போது எனக்குப் பின்னால் நடப்பது தெரியாது. நீ பார்த்துக்கொள்."

சொல்லிவிட்டு, அவனை நம்பி அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னங்காலால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது. உலகப்பனுக்குக் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடைவரை வந்தது. குனிந்து நின்று அழத்தான் அவனுக்கு ஆசை. ஆனால் குனிந்தால் நரி வருவது தெரியாது. அதனால் அவன் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றான், ஆமை கடைசி முட்டையை இட்டு மண்ணை மூடும்வரை.